ரூபியின் கண்ணில் ஒரு ரோஜா

"தூசி" என்று எமில் சொல்லிவிட்டார். காலைச் சாப்பாட்டு மேசையை விட்டு எழுந்து போய் மாட்டைப் பார்க்காமலே, வாய் நிறைய முட்டையோடு சொன்னார்.

"தூசி இல்ல எமில். ரூபி கண்ணுல தண்ணியா ஊத்துது. வெயில் பட்டா இறுக்கி மூடிக்கிறா. கண்நோய்தான்" என்றாள் அவர் மனைவி லவோன்.

"நெப்ராஸ்காவுல பொறந்ததுல இருந்து மாட்டோடயே கிடக்கிறேன், எனக்குத் தெரியாதா? புல்லுத் தூசி. தானா சரியாயிரும்."

"கண்ணாடியப் போட்டுக்கிட்டு ஒரு தடவை பாத்துட்டுச் சொல்லேன்."

கண்ணாடிப் பேச்சை எடுத்தால் எமிலுக்குக் காதும் கேட்காது. டாக்டர் எழுதிக் கொடுத்த அந்தக் கண்ணாடி மேசை இழுப்பறையில், வாங்கிய மெருகு குலையாமல் சொகுசாக இருந்தது.

ரூபி லவோனின் செல்லம். பனிப்புயலில் தாயை இழந்த கன்றைச் சமையலறை அடுப்போரம் படுக்கவைத்து, புட்டிப்பால் கொடுத்துப் பசுவாக்கியவள் அவள். ஆனால் கண் போன மாட்டை இலையுதிர் காலத்தில் சந்தைக்கு ஏற்றிவிடுவது அந்தப் பண்ணையின் சட்டம். சட்டத்தைப் போட்ட புண்ணியவான் எமில்தான்.

லவோன் டவுனுக்குப் போயிருந்த ஒரு மதியம், அவர் யாருக்கும் தெரியாமல் ரூபியின் மூக்கோடு மூக்கு வைத்துப் பார்த்தார். கருவிழியில் பால் கொட்டியதுபோல் வெள்ளை படர்ந்திருந்தது. தூசி, தூசி என்று சொல்லியே நாளைக் கடத்திவிட்டோமே!

ரூபியை இரும்புக் கூண்டுக்குள் ஓட்டி, கழுத்தை மாட்டி, ஊசி போட்டார். அடுத்து, வெயிலும் ஈயும் படாமல் கண்ணை மறைக்க வேண்டும். அதற்குப் பழைய ஜீன்ஸ் துணியை வெட்டி, கீழ்ப்பக்கம் மட்டும் திறந்துவிட்டு, சந்தையில் மாட்டு முதுகில் எண் ஒட்டுகிற பசையால் ஒட்டுவார்கள். பின்கட்டு நாற்காலியில் ஒரு ஜீன்ஸ் கிடந்தது. பின்பக்கப் பை சரியான அளவு, தடித்த துணி. கத்தரித்தார், ஒட்டினார், கமுக்கமாக மாட்டை மேய்ச்சலுக்கு விட்டார்.

மறுநாள் காலை, பக்கத்துப் பண்ணை ஹார்லன் வேலி ஓரம் வண்டியை நிறுத்திக்கொண்டு, விலா நோகச் சிரித்தார்.

"என்னய்யா எமில், மாட்டுக்கு ஜோடனை எல்லாம் பலமா இருக்கு! கல்யாணம் கில்யாணம் பண்ணி வைக்கப் போறியா?"

"வெயிலுக்கு ஒரு மறைப்பு, அவ்வளவுதான். இதுல என்ன சிரிப்பு?"

"மறைப்பு சரி. அந்த ரோஜாப்பூ எதுக்கு?"

எமில் கண்ணை இடுக்கிக்கொண்டு ரூபியை உற்றுப் பார்த்தார். குளிர்காலம் முழுக்க லவோன் கணப்பருகே உட்கார்ந்து பின்பையில் சிவப்பு நூலால் காட்டு ரோஜா தைத்த ஜீன்ஸ் அது. மாதக் கடைசியில் ஊர் மண்டபத்தில் நடக்கும் நடனத்துக்கென்று துவைத்துக் காயவைத்திருந்தாள். கண்ணாடி இல்லாத கண்ணுக்கு ரோஜா அழுக்குக் கறையாகத் தெரிந்திருக்கிறது!

வீட்டுக்குள் நுழைந்தபோது லவோன் ஜீன்ஸைத் தூக்கிப் பிடித்திருந்தாள். பை இருந்த இடத்தில் ஓட்டை. ஓட்டை வழியே அவருடைய முகத்தைப் பார்த்தாள்.

"எமில், என் பூவை ரூபி போட்டிருக்கா."

"அது வந்து... பழசுன்னு நெனச்சேன்."

"தூசிக்கு எதுக்கு ஊசியும் ஒட்டும்?"

"ஒரு முன்னெச்சரிக்கைதான்" என்று அசடு வழிந்தார்.

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. தினமும் மாலையில் வேலியருகே போய் நின்று, "பூக்காரி, எப்படிடி இருக்க?" என்று ரூபியிடம் மட்டும் பேசினாள். கேட்ட எமிலுக்குச் சந்தைக்குப் போகும் லாரி நினைவுக்கு வந்தது. ஒட்டைப் பிரித்துப் பார்க்கவும் பயம். அதுவாக உதிரும்வரை பொறுக்க வேண்டும்.

ஒரு காலை, ஒட்டு ஒரு முனையில் தொங்கியது. இருவரும் போனார்கள். எமில் யாரும் சொல்லாமலே சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். லவோன் பார்த்தும் பார்க்காதமாதிரி இருந்தாள்.

ஒட்டை மெல்ல உரித்தார். கருவிழி ஓரத்தில் அரிசி அளவு வெள்ளைத் தழும்பு. மற்ற இடமெல்லாம் தெளிவு. லவோன் அந்தப் பக்கமாகச் சத்தமில்லாமல் கையைக் கொண்டுபோனாள். ரூபி இமைத்தாள். பிறகு அந்தக் கையை நக்கினாள்.

லவோன் மாட்டின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். எமில் தொப்பியைக் கழற்றினார்.

"கண்நோய்தான் லவோன். நீ சொன்னதுதான் சரி. நான்தான் பாக்காமப் பேசிட்டேன்."

"என்ன சொன்ன? இன்னொரு தடவை சொல்லு."

"ஒரு தடவைதான் சொல்வேன்."

நடனத்தன்று லவோன் அதே ஜீன்ஸைப் போட்டுக்கொண்டு வந்தாள். ரோஜாப்பை பழைய இடத்தில் திரும்பத் தைக்கப்பட்டிருந்தது. எத்தனை துவைத்தும் போகாத பசையும், ரூபியின் வெள்ளை முகத்து முடிகளும் அதில் அப்படியே இருந்தன. ஹார்லன் அதைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கி, "வாம்மா ரூபி" என்றார். மண்டபமே சிரித்தது.

"புதுசு வாங்கித் தரேன்னு சொன்னேனே, அந்த முடியோடயா ஆடணும்?" என்று எமில் ஆடிக்கொண்டே முணுமுணுத்தார்.

"புதுசு எதுக்கு? நீ தப்ப ஒத்துக்கிட்டன்னு சொன்னா இந்த ஊர்ல யார் நம்புவா? அத்தாட்சி வேணாமா?"

எமிலும் சிரித்துவிட்டார். கண்ணாடி மூக்கில் நழுவியது. அவள் ஆட்டத்தை நிறுத்தாமல், ஒரு விரலால் அதைத் தள்ளிச் சரிசெய்தாள்.