கைராசிக் கவர்

காலை ஆறே முக்காலுக்குச் சர்க்கரை டப்பாவில் போனைச் சாய்த்து வைத்தால் அந்த வீட்டில் மூன்று பேர். எடுத்துவிட்டால் இரண்டு பேர். மூன்று வருடமாக அப்படித்தான்.

போனுக்குள் கணவன் இரவு வேலை முடித்து வந்து சாப்பிட உட்கார்ந்திருப்பான். வெளிநாட்டில் ஒரு பெரிய சரக்குக் கிடங்கில் பெட்டி அடுக்குகிறவன். போனுக்கு வெளியே மனைவி மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருப்பாள். மகளுக்கு ஆறு வயது. அப்பா என்றால் அவளுக்குக் கழுத்து வரைக்கும்தான். அதற்குக் கீழே எவ்வளவு உயரம் என்பது மறந்துவிட்டது.

"அப்பா, இந்தப் பல்லு ஆடுது பாரு."

"கிட்ட வா. எது, மேலயா கீழயா?"

"கீழ. தொட்டுப் பாரு."

கணவன் யோசிக்காமல் கையை நீட்டினான். விரல் திரையை அடைத்துக்கொண்டது. மகள் வாயைத் திறந்தபடி கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு தானாகவே மூடிக்கொண்டாள்.

"நீ இங்க வந்ததும் நான்தான் பிடுங்கி விடுவேன்," என்றான் அவன்.

"அதுவரைக்கும் பல்லு இருக்கணுமே," என்றாள் மகள்.

கணவனின் ஒப்பந்தத்தில் குடும்பத்தை அழைத்துக்கொள்ள வழியில்லை. மனைவியிடம்தான் வழி இருந்தது. அவள் இரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்பவள். கணவன் இருக்கும் அதே நகரத்தில் ஒரு மருத்துவமனை அவளைத் தேர்ந்தெடுத்து, விசாவுக்குத் தானே பொறுப்பேற்பதாகக் கடிதம் அனுப்பியிருந்தது. அந்த விசாவில் பிள்ளையும் கூடப் போகலாம். மனுவும் போட்டாயிற்று. நேர்காணலுக்கு இன்னும் ஒன்பது நாள்.

மனுவை நிரப்பியது பாஸ்போர்ட் பெரியப்பா. கணவனுக்கு ஒன்றுவிட்ட அண்ணன், மகளுக்குப் பெரியப்பா. நகல் எடுக்கும் கடை வைத்திருந்தார். நாற்பது பேரை வெளிநாட்டுக்கு அனுப்பியவர். ஒருவரிடமும் கைநீட்டிக் காசு வாங்கியதில்லை. அதனாலேயே யாரும் அவரை ஒரு கேள்வி கேட்டதும் இல்லை. அவர் நிரப்பிய மனுவை அனுப்பியதும், நேர்காணலுக்கான அதன் நகல் ஒரு பழுப்புக் கவருக்குள் போகும். நாலு பக்கமும் ஸ்டேப்ளர் பின் அடித்து, "கவுண்டர்ல அதிகாரி கையாலதான் பிரியணும். நடுவுல பிரிச்சா ராசி போயிடும்," என்று சொல்லிக் கொடுப்பார். அவர் கைராசிக்குப் பயந்து நாற்பது பேரும் அப்படியே கொண்டுபோனார்கள்.

அவளிடம் கையெழுத்து வாங்க அவர் பரிசோதனைக்கூடத்து வாசலுக்கே வந்தார். பன்னிரண்டு பக்கத்தில் மஞ்சள் சீட்டு ஒட்டி, கீழ் ஓரத்தை மட்டும் விரித்துக் காட்டினார்.

"படிச்சுட்டு நாளைக்குத் தரட்டுமா மாமா?" என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தாள்.

"ஏம்மா, நான் என்ன உன் சொத்தையா எழுதி வாங்கப் போறேன்?"

"இல்ல... பொண்ணு பேரு..."

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன். போடு, போடு. பஸ் வந்துடும்."

அவள் போட்டாள். உள்ளே ஒரு சர்க்கரை அளவுச் சீட்டில் கையெழுத்திட வேண்டுமென்றால்கூட, குழாயில் உள்ள எண்ணையும் சீட்டில் உள்ள எண்ணையும் இருமுறை வாய்விட்டுப் படிப்பவள். வாசலுக்கு வெளியே படிக்கவில்லை. கேட்டால் மரியாதைக் குறைவாகிவிடும் என்று கூச்சம்.

நேர்காணல் தேதி தெரிந்ததும் பரிசோதனைக்கூடத்தில் மூத்த ஊழியரான ஓர் அம்மா சொன்னார். "அந்த நாட்டுக் குடியேற்றச் சட்டம் தெரிஞ்ச வக்கீல் ஒருத்தர் இருக்காங்க. ஒரு மணி நேரம் உக்காந்து பேசிட்டு வா. என்ன கேப்பாங்கன்னாவது தெரியும்."

வீட்டில் நாத்தனார் முகத்தைச் சுளித்தாள். இவள் வேலைக்குப் போகும் நேரத்தில் மகளைப் பார்த்துக்கொள்பவள் அவள்தான். "வெண்ணெயை வச்சுக்கிட்டு நெய்க்கு அலையறீங்களே அண்ணி. பெரியண்ணன் காதுக்குப் போனா என்ன நினைப்பாரு?"

"சும்மா கேக்கத்தான் போறேன்."

"சரி, அப்ப இவளையும் கூட்டிட்டுப் போங்க. எனக்கு இன்னைக்கு ரெண்டு ரவிக்கை தைச்சு முடிக்கணும்."

வக்கீலின் அறை மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் இருந்தது. ஒரு மேசை, ஒரு இரும்பு அலமாரி, மூன்று நாற்காலிகள். அதில் ஒன்று சுழல்வது. மகள் அதைப் பிடித்துக்கொண்டாள். வக்கீலம்மா கவரை வாங்கி, ஸ்டேப்ளர் பின்களைப் பிடுங்கத் தொடங்கினார். அவள் சட்டென்று கவரின் மேல் கை வைத்தாள்.

"பிரிக்காம... பாக்க முடியாதா மேடம்?"

"எப்படிம்மா? எனக்கென்ன எக்ஸ்ரே கண்ணா?"

நாலு பக்கமும் பின் கழன்றது. அவர் விரலை வரிகளின் மேல் வைத்து நிதானமாகப் படித்துக்கொண்டு போனார். "பேரு சரி. பிறந்த தேதி சரி. படிப்பு, வேலை, சரி. கணவர் அங்கேயே இருக்காரு, சரி. பிள்ளைகள், இல்லை." விரல் நின்றது. கண்ணாடிக்கு மேலாகச் சுழல் நாற்காலியைப் பார்த்தார். "இது யாரு?"

"என் பொண்ணு."

"பெத்த பொண்ணா?"

"ஆமா மேடம்."

மகள் காலை ஊன்றி நாற்காலியை நிறுத்தினாள். "நான் இருக்கேனே," என்றாள் வக்கீலிடம். ஏதோ வருகைப் பதிவில் பெயர் விட்டுப்போனது போல.

அவள் அந்தக் காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். கட்டத்துக்குள் அச்செழுத்தில், 'இல்லை'. அந்தப் பக்கத்தின் அடியில் அவளுடைய கையெழுத்து. சற்று சாய்ந்து, அவசரமாக, பஸ்ஸுக்குப் பயந்து போட்டது.

"யார் நிரப்பினாங்க?"

"சொந்தக்காரர். நல்லவர்தான்."

"நல்லவங்க நிரப்பினாலும் படிவத்துக்குத் தெரியாதே," என்றார் வக்கீலம்மா. குரலில் கோபமில்லை. "இதோட நீங்க போய்ச் சேர்ந்துடலாம், யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்க. அடுத்த வருஷம் இவளைக் கூப்பிட மனு போடுவீங்க. பிள்ளையே இல்லைன்னு எழுதினீங்களே, இது எங்கிருந்து வந்ததுன்னு கேப்பாங்க. அப்ப இவளுக்குக் கதவு மூடும். உங்களுக்கும் மூடலாம்."

"இப்ப என்ன பண்றது?"

"மனு ஏற்கனவே போயாச்சு. அவங்க கேக்கறதுக்கு முன்னாடி நாமே தப்புன்னு எழுதிக் குடுக்கலாம். நான் எழுதித் தரேன். ஆனா நேர்காணல் தள்ளிப்போகும். மருத்துவமனை அதுவரைக்கும் காத்திருக்குமான்னு எனக்குத் தெரியாது. நிச்சயம் காத்திருக்கும்னு சொல்ற வக்கீல் யாராவது கிடைச்சா, அவங்ககிட்டப் போகாதீங்க."

மறுநாள் மதிய இடைவேளையில் பரிசோதனைக்கூடத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து கணவனை அழைத்தாள். அவன் ஏதோ தெருவில் நடந்துகொண்டிருந்தான். அவள் வாய் திறக்கும் முன்பே பேசத் தொடங்கினான்.

"வீடு பாத்துட்டேன். ரெண்டு ரூம். சமையலறையில ஜன்னல் இருக்கு, உனக்குப் பிடிக்கும். பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம்னு நடந்து பாத்தேன். நம்ம நடை இல்ல, அவ நடை. குட்டிக் குட்டியா எடுத்து வச்சு. பதினோரு நிமிஷம். தெருவுல ரெண்டு பேரு என்னைப் பாத்துச் சிரிச்சாங்க."

அவள் கவரைப் பற்றிச் சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள். மறுமுனையில் நடைச் சத்தம் நின்றது.

"அப்படியே விட்டா என்ன?" என்றான் கடைசியில். "நீ முதல்ல வந்துடு. அவ என் தங்கச்சிகிட்ட ஒரு வருஷம் இருக்கட்டும். நீயும் நானும் ஒரே இடத்துல இருந்தா எப்படியாவது சரி பண்ணிக்கலாம். மூணு வருஷமாச்சும்மா. ஒரு கதவைத் திறந்தா உள்ள யாராவது இருக்கணும்னு இருக்கு எனக்கு."

அவளுக்கும் அப்படித்தான் இருந்தது. அந்தச் சமையலறை ஜன்னலருகே அவள் ஏற்கனவே நின்றுவிட்டாள். அதிலிருந்து விலகி வருவது அவ்வளவு எளிதாக இல்லை.

"பிள்ளைகள்னு ஒரு கட்டம்," என்றாள். "அதுல இல்லைன்னு போட்டிருக்கு. கீழ நான் கையெழுத்து போட்டிருக்கேன். அந்தக் காகிதத்துல நமக்குப் பொண்ணே இல்லைங்க. அப்புறம் நீங்க யாருக்காகக் குட்டி நடை நடந்தீங்க?"

பின்னால் ஏதோ வண்டி ஹாரன் அடித்தது.

"எழுதிக் குடுத்துடு," என்றான்.

விசா அலுவலகத்துக்கும் மருத்துவமனைக்கும் எழுதிக் கொடுத்தார்கள். தவறு இன்னது, கையெழுத்து என்னுடையது, படிக்காமல் போட்டது என் பிழை என்று மூன்று வரி. மூன்று வாரம் கழித்து மருத்துவமனையிலிருந்து பதில் வந்தது. நேர்மையாகத் தெரிவித்ததற்கு நன்றி. அந்த இடத்தை வேறொருவருக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று. அடுத்த முறை ஆளெடுக்கும்போது அவள் பெயரையும் பரிசீலிப்பார்கள். அவள் இரண்டு முறை படித்தாள். அன்று சாயங்காலம் நாத்தனார் குழந்தைக்குத் தானே சாப்பாடு ஊட்டிவிட்டு, போகும்போது அண்ணியின் தோளை ஒருமுறை அழுத்திவிட்டுப் போனாள்.

செய்தி தெரிந்து பாஸ்போர்ட் பெரியப்பா வந்தார். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"பாத்தியா? கவரைப் பிரிக்காதன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கையில இருந்த கனியைத் தூக்கிக் கிணத்துல போட்டுட்டியே. பிள்ளை இருக்குன்னு போட்டா அவளுக்கு மருத்துவச் சோதனை, பள்ளிக்கூடக் கடிதம், நூறு காகிதம் கேப்பான். இல்லைன்னு போட்டா சட்டுனு முடியும், நீ போய்ச் சேந்தப்புறம் அவளைக் கூப்பிட்டுக்கலாம். உனக்கு நல்லது பண்ணத்தானே போட்டேன்?"

"தெரியும் மாமா. உக்காருங்க."

"நாற்பது பேரை அனுப்பியிருக்கேன். ஒருத்தனாவது திரும்பி வந்தானா சொல்லு."

வழக்கமாக இந்த இடத்தில் அவள் தலையைக் குனிந்துகொள்வாள். இன்று குனியவில்லை. "யாரும் திரும்பி வரல. இங்கேருந்து அவங்க வீட்டுல யாராவது போய்ச் சேர்ந்தாங்களா மாமா?"

"போயிருப்பாங்க. ஏன் போகாம?" என்றவர் விரலை மடக்கத் தொடங்கினார். "நம்ம தச்சன்... அவன் போய் ஏழு வருஷம். அவன் சம்சாரம் இங்கதான் இருக்கா. மாசாமாசம் கடைக்கு வந்து அதே காகிதத்தை நகல் எடுத்துக்கிட்டுப் போறா. அந்த டிரைவர்... அவன் பையனுக்கு மீசையே முளைச்சாச்சு. அப்புறம் அந்த நர்ஸ் பொண்ணு..." மூன்றாவது விரல் பாதியில் நின்றது. நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். "அவங்க எல்லாருக்கும் நேரம் சரியில்லைன்னுதான் நினைச்சுக்கிட்டிருந்தேன். தச்சன் சம்சாரத்துக்கு நகல் எடுத்துத் தந்துட்டு, பாவம்னு ஒரு டீ வாங்கிக் குடுப்பேன்."

"அவங்க படிவத்துலயும் சம்சாரம், பிள்ளைன்னு கேட்ட கட்டத்துல இல்லைன்னுதான் போட்டீங்களா?"

அவர் மடக்கிய விரல்களைப் பார்த்து மெல்லத் தலையாட்டினார். உள்ளறையில் மகள் தரையில் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். பெரியப்பா அவளைப் பார்த்துவிட்டுப் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அந்த வக்கீலம்மா என்னை மாதிரி ஆளுகிட்டப் பேசுவாங்களா?" என்று கேட்டார். "தச்சன் சம்சாரத்தைக் கூட்டிக்கிட்டு வரேன். சரி பண்ண முடியுமோ என்னவோ. கேக்கவாவது செய்யணும்."

"நான் கூட வரேன் மாமா."

"என் மேல கோபமில்லையா உனக்கு?"

"கோபம் என் மேலதான்," என்றாள் அவள். "நீங்க எழுதினீங்க. படிக்காம கையெழுத்து போட்டது நான். கேட்டா மரியாதை இல்லைன்னு நினைச்சேன். நம்ம பேர்ல போற காகிதத்தை நாம படிக்கணும், புரியலைன்னா சட்டம் படிச்சவங்ககிட்டக் கேட்டுப் புரிஞ்சுக்கணும். அதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல. காத்திருக்கறது கஷ்டம்தான் மாமா, எனக்கா தெரியாது? ஆனா பொய் சொல்லி ஒரு ஊருக்குப் போய்ச் சேர்ந்துடலாம். அந்தப் பொய்யால நமக்கு வேண்டியவங்களை அங்க கூட்டிக்கிட்டு வர முடியாது."