நாற்பது வாளி

கிழக்கு வெளுக்குமுன் அமலம்மாள் பத்து நடை நடந்தாக வேண்டும். தெருமுனைக் குழாயில் இரண்டு மண்ணெண்ணெய்த் தகரங்களை நிரப்பி, தோள்கம்பின் இரு நுனியிலும் மாட்டிக்கொண்டு, துறைமுகத்தை ஒட்டிய பாக்குக் கிட்டங்கிக்கு வருவாள். குடிக்க, தரை கழுவ எடுத்தது போக, மீதித் தண்ணீர் சுவரில் தொங்கும் சிவப்பு வாளிகளுக்கு. மொத்தம் நாற்பது வாளி. தீப்பிடித்தால் அணைப்பதற்கு.

தீ ஒருநாளும் பிடித்ததில்லை. ஆனால் சரக்குக்கு இன்ஷூரன்ஸ் எழுதிய வெள்ளைக்காரக் கம்பெனியின் ஆள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்பான். ஒரு வாளி குறைந்திருந்தாலும் முதலாளியின் முகம் கறுத்துவிடும். பழைய தண்ணீரைக் கொட்டக் கூடாது, குறைந்ததை மட்டும் நிரப்ப வேண்டும் என்பது அவருடைய உத்தரவு. ஏழு வருஷமாக அமலம்மாள் ஒரு வாளியும் குறைய விட்டதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்?

விடிந்ததும் முப்பது பெண்கள் வந்து சாக்கு விரித்து உட்காருவார்கள். மலை போல் குவிந்த காய்ந்த பாக்கைச் சுளகில் அள்ளி, பூசணம் பிடித்ததை ஒருபுறம், வெடித்ததை ஒருபுறம், நல்லதை ஒருபுறம் என்று பொழுது சாயும்வரை பிரிக்க வேண்டும். தூசி தொண்டையைக் கரகரக்க வைக்கும். விரல் நுனியெல்லாம் கறை ஏறி, எந்தச் சோப்புக்கும் போகாது. அமலம்மாளின் ஒரே மகள் தெரேசாவுக்கும் பதினேழு வயதிலேயே அந்தக் கறை ஏறியிருந்தது.

ரப்பர் விலை விழுந்த வருஷம் அது. தோட்டங்களில் வேலையில்லாத சனங்களைக் கப்பல் கப்பலாகச் சொந்த ஊருக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். முதலாளி கூலியை இரண்டு தடவை குறைத்தார், ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. மூன்று நாளுக்கு மேல் வராதவளின் இடம் வேறொருத்திக்கு என்று சொன்னார், அதற்கும் திறக்கவில்லை.

அப்போதுதான் காய்ச்சல் வந்தது.

தெரேசா ஒரு மத்தியானம் சுளகைக் கீழே வைத்துவிட்டு, "அம்மா, கண்ணுக்குப் பின்னாலேருந்து குத்துதும்மா" என்றாள். வீட்டுக்குப் போகுமுன்பே உடம்பு அனலாகிவிட்டது. முட்டி, முதுகு, விரல் கணு எல்லாம் யாரோ கட்டையால் அடித்ததுபோல் வலி. வாய் கசந்து கஞ்சிகூட இறங்கவில்லை.

தர்மாஸ்பத்திரியில் வெளிநோயாளிகளுக்கு மருந்து ஊற்றித் தரும் டிரசர் இராயப்பன், அமலம்மாள் போகும் அதே மாதா கோயிலுக்குப் போகிறவர்தான். தெரேசாவின் கண்ணையும் நாக்கையும் பார்த்து, ஏழு நாள் ஓய்வென்று சீட்டு எழுதிக்கொடுத்தார். "காச்சல் விட்டாலும் வேலைக்கு அனுப்பிடாதீங்கக்கா. படுக்கவே வைங்க."

நாலாம் நாள் விடியற்காலையில் காய்ச்சல் விட்டிருந்தது. உடம்பு தண்ணென்று இருந்தது. அமலம்மாள் மாதாவுக்கு நன்றி சொன்னாள். டிரசர் சொன்னது நினைவில் இருந்தது. இன்று போகாவிட்டால் இடம் போய்விடும் என்பதும் நினைவில் இருந்தது. அவளே மகளுக்குத் தலை வாரிவிட்டாள். அவளே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள்.

பத்து மணிக்குத் தெரேசா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். ஈறில் ரத்தம் கசிந்தது. கைகால் சில்லிட்டுப் போயின. வண்டிக்காரர் ஷேக் அலாவுதீன் ஏற்றிய மூட்டைகளைத் தெருவிலேயே தள்ளிவிட்டு அவளை மாட்டுவண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். மறுநாள் சாயங்காலம் பிள்ளை போய்விட்டாள். கிட்டங்கியிலிருந்து, கணக்கெழுதும் கிராணி லாரன்ஸ் மட்டும் கல்லறை வரைக்கும் வந்து ஒரு பிடி மண் போட்டார்.

அடக்கம் முடிந்த மறுநாளே அமலம்மாள் மறுபடி தண்ணீர் சுமந்தாள். சுமக்காமல் எப்படிச் சாப்பிடுவது? அந்த வாரமே அலாவுதீனின் மனைவி ரொஸ்னாவும் பிரித்துக்கொண்டிருந்த பாக்குக் குவியலின்மேல் காய்ச்சலில் சாய்ந்தாள். அலாவுதீன் பாரம் ஏற்றிப் போயிருந்ததால், அமலம்மாள்தான் அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

வெளிநோயாளிகளின் பெஞ்சில் இடமில்லை. தரையிலும் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி தலையைக் கையால் தாங்கியிருந்தாள், ஒருத்தியின் கையில் சிவப்புச் சிவப்பாகத் தடித்திருந்தது. அமலம்மாள் அவர்கள் விரல்களைப் பார்த்தாள். எட்டுப் பேருக்குப் பாக்குக் கறை.

இராயப்பனும் அதைத்தான் பார்த்திருந்தார். "அக்கா, உங்க கிட்டங்கியில எங்கயாவது தண்ணி தேங்கி நிக்குதா?"

"சாக்கடையெல்லாம் நாந்தானே தம்பி கழுவுறேன். சுத்தமா இருக்கு."

"சாக்கடை இல்லக்கா. இது டெங்கிக் காச்சல். கால்ல வெள்ளை வரி போட்ட கொசுவால வருது. பகல்ல கடிக்கும். நல்ல தண்ணியிலதான் முட்டை போடும். நாள்பட நிக்கிற தெளிஞ்ச தண்ணி."

வாளிகளில் துள்ளும் சின்னப் புழுக்களை அமலம்மாள் தினமும் பார்த்திருக்கிறாள். குடிக்கிற தண்ணீர் இல்லையே என்று விட்டிருக்கிறாள். ஏழு வருஷம்.

மறைத்திருக்கலாம். யாருக்குத் தெரியப் போகிறது? ஆனால் மறுநாள் காலை, பெண்கள் சாக்கு விரிக்குமுன்பே அவள் நடுவில் போய் நின்றாள்.

"நான் ஊத்தி வச்ச தண்ணிதான் இந்தக் காச்சல். உங்க வீட்டுல விழுந்ததுக்கும் நாந்தான். எம்புள்ளையையும் நாந்தான் கொன்னேன்." டிரசர் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னாள்.

நல்லம்மாள் கூட்டத்திலிருந்து முன்னால் வந்தாள். கிட்டங்கியில் எல்லாரையும்விடக் கடுகடுத்தவள், அவள் தங்கை அப்போதும் ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

"ஊத்தினது நீ. கொட்டாதேன்னு சொன்னது யாரு? காச்சலோட வந்து உக்காருன்னு சொன்னது யாரு? பைத்தியம் மாதிரிப் பேசாதேக்கா."

அமலம்மாளுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. கல்லறையில்கூட வராத அழுகை.

முதலாளி வந்தபோது எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

"என்ன கூட்டம்?"

நல்லம்மாள் விஷயத்தைச் சொன்னாள். "தண்ணிக்குப் பதிலா மணலைப் போட்டுக்கலாம் மொதலாளி. மணலும் தீயை அணைக்கும்."

"எல்லாரும் டாக்டர் ஆயிட்டீங்களா? கம்பெனிக் கடுதாசியில தண்ணின்னுதான் போட்டிருக்கு."

"அப்ப வாரம் ஒருக்காக் கொட்டிக் கழுவ விடுங்க."

"கழுவுற நேரத்துல அவன் வந்து நின்னா? கிட்டங்கி எரிஞ்சா எனக்கு யாரு குடுப்பா?"

"பாக்கு எரிஞ்சா உங்களுக்குக் குடுக்க ஆள் இருக்கு" என்றாள் அமலம்மாள். "என் பொண்ணை யாரு குடுப்பா?"

முதலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டார். "காச்சல் ஊரெல்லாம் இருக்கு. அதுக்கு நான் பொறுப்பா?"

"ஊரெல்லாம் இருக்கு. ஆஸ்பத்திரி பெஞ்சுல மட்டும் நம்ம கிட்டங்கி விரலா இருக்கே, அது எப்படி?" என்றாள் நல்லம்மாள். "சீக்காளிக்கு டிரசர் சீட்டு குடுத்தா அவ இடம் அவளுக்கே இருக்கணும். அதுவும் வேணும்."

"வாளியில எவ கை வைக்கிறாளோ அவ பேரை எழுதுங்க, கிராணி. நாளைக்கு அவ இங்க வர வேணாம். வெளியே நூறு பேரு நிக்கிறான்." முதலாளி சாய்வு நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

அந்நேரம் வாசலில் மாட்டுவண்டி வந்து நின்றது. பாக்கு ஏற்ற வந்த வண்டி இல்லை. முந்தின நாள் ஆஸ்பத்திரியில் மனைவியைப் பார்த்துவிட்டு, அங்கேயே இராயப்பனிடம் சங்கதி கேட்டு, அந்த வாளிகள்தான் காரணம் என்று ஊகித்துக்கொண்ட அலாவுதீன், விடியுமுன் தஞ்சோங் தோக்கோங் கடற்கரைக்குப் போய் ஒரு வண்டி மணல் அள்ளி வந்திருந்தார்.

"வாடகை வேணாம்லா" என்றார் பெண்களைப் பார்த்து. "எறக்கிக்குங்க."

யாரும் அசையவில்லை. வயிறு என்று ஒன்று இருக்கிறதே! வெளியே நூறு பேர் நிற்பதும் பொய்யில்லை.

முதலில் போனவள் ஜெயலெட்சுமி. ஏழு மாதக் கர்ப்பிணி, உரக்கப் பேசிக்கூட யாரும் கேட்டதில்லை. சுளகு நிறைய மணலை அள்ளி வந்தாள், ஒரு வாளியை எட்டி எடுத்துக் கவிழ்த்தாள். தண்ணீர் தரையில் ஓடியது. மணலைக் கொட்டிவிட்டு லாரன்ஸின் மேசைக்கு முன்னால் போய் நின்றாள்.

"ஜெயலெட்சுமி. எழுதிக்குங்க."

லாரன்ஸ் முதலாளியைப் பார்த்தார். பேனாவை மையில் தொட்டு எழுதினார். அடுத்து நல்லம்மாள் வந்தாள். அடுத்து இரண்டு பேர் ஒன்றாக வந்தார்கள். கிட்டங்கித் தரை முழுக்க ஈரம்.

அமலம்மாள் தன் கையாலேயே மூன்று வாளியைக் கவிழ்த்துவிட்டு வந்தாள்.

"அமலம்மாள்" என்றாள். நகரவில்லை. "தெரேசா. ரெண்டு பேரும் எழுதுங்க."

லாரன்ஸின் பேனா நின்றது. நாற்காலியிலிருந்து முதலாளி ஏதோ சொன்னார். லாரன்ஸ் தலை நிமிரவில்லை. தெரேசா என்று எழுதினார். மெதுவாக, எழுத்து எழுத்தாக எழுதினார். அவளுக்குப் பின்னால் வரிசை வாசல் வரைக்கும் நின்றது.