சீமாட்டிக்குப் பால் ஊறிய கதை

தையல்கார அக்காவுக்கு யாரும் சாப்பிடாமல் இருந்தால் பொறுக்காது. வீட்டில் இருப்பது அவளும், பஸ் ஓட்டும் தம்பியும், பின்னறைக் கூண்டுகளில் அவன் ஆசையாக வளர்க்கும் சுண்டெலிகளும்தான். அவளுக்கு எல்லோரும் ஒன்றுதான். வயிறு நிறைந்ததா, அவ்வளவுதான் கேள்வி.

அதில் தேன் நிறப் பெண் எலி ஒன்று. அது நடக்கிற நடையைப் பார்த்து, சீமாட்டி என்று பேர் வைத்தவளும் அவளே. அந்த நிறத்தில் தம்பியிடம் மிஞ்சியது அது ஒன்றுதான். ஏற்கெனவே இரண்டு ஈத்து ஈன்று, இரண்டிலும் பால் இல்லாமல் குட்டிகள் போய்விட்டன. இப்போது மறுபடி வயிறு தள்ளியிருந்தது.

“இதுதான்க்கா கடைசி. வயசாயிடுச்சு. இதுவும் போச்சுன்னா இந்த நிறமே அத்துப்போயிடும்,” என்றான் தம்பி, ஷூவுக்குள் காலை நுழைத்தபடி. “குட்டி போடுற எலிக்குன்னே செய்யிற தீவனக் கட்டியத்தான் வாங்கிப் போடுறேன். தட்டும் தினம் காலியாத்தான் கெடக்கு. திங்கிறதெல்லாம் எங்க போகுதோ!”

ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்த அக்கா வெள்ளந்தியாகச் சொன்னாள்: “அதை எங்க அது திங்குது? பல்லே ஒடிஞ்சிடும் போலிருக்கு, பாவம். நீ வேலைக்குப் போனதும் கொட்டிட்டுச் சூரியகாந்தி விதை வைக்கிறேன். என்னமா உரிச்சுத் திங்குது தெரியுமா!”

தம்பி ஒற்றை ஷூவோடு நின்றுவிட்டான்.

“அடிப்பாவி அக்கா! அது பாதிக்குப் பாதி கொழுப்பு. அதை மட்டும் தின்னா பால் எப்படி ஊறும்?”

“நீகூடத்தான் சின்னதுல காய்கறிய ஒதுக்குவ. நான் அதை எடுத்துட்டு முட்டையா வச்சுத்தானே வளர்த்தேன்? என்ன கெட்டுப்போயிட்ட?”

“என் வழுக்கை மண்டையப் பாத்துச் சொல்லு!”

சிரித்துவிட்டாள். சிரிப்பு அடங்கியதும்தான் சுருக்கென்றது. “அப்ப ரெண்டு ஈத்தும் என்னாலதான் போச்சா?”

“தெரிஞ்சா செஞ்ச? விடு. இனிமே அது மூஞ்சியத் தூக்கினாலும் விதை கிடையாது.”

சீமாட்டி மூஞ்சியைத் தூக்கத்தான் செய்தாள். கட்டியை முகர்ந்து பார்த்துவிட்டு மூலையில் போய் உட்கார்ந்தாள். அக்காவுக்கும் அன்று சோறு இறங்கவில்லை. தம்பி வாசலில் கால் வைத்ததும் வைக்காததுமாக மறித்துக்கொண்டாள்.

“டேய், அதே கட்டியத்தான்... வெதுவெதுப்பான தண்ணியில ஊறவச்சுக் குடுக்கட்டுமா?”

“தாராளமா. மிச்சமிருந்தா மட்டும் உடனே எடுத்துடு, கெட்டுப்போயிடும்.”

ஊறிய கட்டியைச் சீமாட்டி முதலில் நக்கினாள், பிறகு கடித்தாள். போகப்போகக் காய்ந்த கட்டியையே இரண்டு கையாலும் பிடித்துக் கொறிக்கத் தொடங்கினாள்.

குட்டிகள் பிறந்த அன்று கூண்டுப் பக்கம் போகாதே என்று தம்பி சொல்லியிருந்தான். அக்கா அன்று ஒரு சட்டைக்குக் கையை மாற்றித் தைத்துவிட்டு, பிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். மறுநாள் அவன் கூண்டுக்குள் மெத்தையாய்க் கிடந்த பஞ்சை மெல்ல விலக்கிக் காட்டினான். விரல் நுனி அளவில், சிவந்து, கண்ணாடி போன்ற தோலோடு குட்டிகள் நெளிந்தன. ஒவ்வொன்றின் வயிற்றிலும் தோலுக்கு அடியில் வெள்ளையாக ஒரு பட்டை.

“என்னடா அது? ஏதாவது நோயா?”

“பால்க்கா. குடிச்ச பால் வெளிய தெரியுது.”

அவள் மூச்சுக்கூட விடாமல் ஒவ்வொரு வயிறாகப் பார்த்தாள். ஓரத்தில் ஒன்று மட்டும் வெறும் சிவப்பாகக் கிடந்தது. தம்பி அதைத் தாய்ப் பக்கம் நகர்த்திவிடக் கை நீட்டினான். அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“பொறுடா. அவளே வர்றா பாரு.”

சீமாட்டி அதைக் கவ்வி வயிற்றுக்கடியில் இழுத்துக்கொண்டாள்.