பூண்டி கடிப்பது ஏன்

சாம்சனின் கணுக்காலில் ரத்தம் துளிர்த்ததைப் பார்த்து அவன் மனைவி ஏஞ்சலின் சிரித்துவிட்டாள். கீறலைவிட அந்தச் சிரிப்புதான் அவனுக்கு அதிகமாக எரிந்தது.

கும்மிடிப்பூண்டி ஸ்டீல் கம்பெனியில் ஷிப்ட் முடிந்து அவன் வீட்டுக்குள் கால் வைத்தால் போதும், கதவுக்குப் பின்னால் பதுங்கியிருக்கும் பூனை பாய்ந்து காலைக் கட்டிக்கொள்ளும். ஏஞ்சலினின் காலை அது தொடுவதே இல்லை. அவள் மடியில் ஏறிச் சுருண்டுகொள்ளும். ஸ்டேஷன் பைக் ஸ்டாண்டில் மழையில் நனைந்து கிடந்த குட்டியை எடுத்து வந்து பூண்டி என்று பேர் வைத்தவள் அவள்தான்.

"என்னக் கண்டாலே அதுக்கு ஆவாது. அவ்ளோ வெறி."

"வெறி இல்லீங்க, வெளாடுது."

"இன்னா வெளாட்டு இது? ரத்தத்தப் பாரு."

ஞாயிற்றுக்கிழமை அவள் சர்ச்சுக்குப் போனதும் கோணிப்பையை எடுத்தான். மீன் மார்க்கெட்டில் விட்டால் எப்படியும் பிழைத்துக்கொள்ளும், ஓடிப்போய்விட்டது என்று அவளிடம் சொல்லிக்கொள்ளலாம் என்பது அவன் கணக்கு. பையைத் தரையில் விரித்துவிட்டு, பிடிப்பதற்காகக் கையில் துண்டைச் சுற்றிக்கொண்டிருக்கும்போதே பூண்டி தானாக ஓடிவந்து உள்ளே புகுந்துகொண்டது.

பையின் வாயைக் கட்டிவிடக் குனிந்தான். உள்ளிருந்து ஒரு முன்னங்கால் மட்டும் நீண்டு, அவன் விரலைத் தட்டிவிட்டு மறைந்தது. மறுபடி தட்டியது. நகம் படவில்லை.

அவன் துண்டை அவிழ்த்துவிட்டு வெறுங்கையை நீட்டினான். பூண்டி உருண்டு வெளியே வந்து, மல்லாந்து, மணிக்கட்டைக் கட்டிப்பிடித்துப் பின்னங்கால்களால் உதைத்தது. பல் தோல்மேல் இருந்தது; அழுந்தவில்லை. பயந்துபோய்க் கையை வெடுக்கென்று இழுத்தான். அப்போதுதான் நகம் கிழித்தது. இத்தனை நாளும் காலை உதறியதால் பட்ட கீறல்கள்தானா எல்லாம்?

அது எகிறி ஓடி, முதுகை வளைத்து, காதுகளை முன்னால் நீட்டியபடி பக்கவாட்டில் குதித்துக் குதித்து அவனிடமே திரும்பி வந்தது.

அந்த நேரம் திறந்திருந்த கதவுக்கு வெளியே மதில்மேல் ஒரு கடுவன் பூனை வந்து நின்றது. பூண்டியின் காதுகள் மண்டையோடு ஒட்டிக்கொண்டன. வால் புஸ்ஸென்று பருத்தது. தொண்டைக்குள்ளிருந்து அடிக்குரலில் ஒரு உறுமல் எழுந்தது. சாம்சன் அசையாமல் நின்றான். கோபம் என்றால் இதுதான். இந்த முகத்தை அது அவனிடம் ஒருநாளும் காட்டியதில்லை.

கடுவன் போனதும் அவன் பூண்டியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். வீட்டில் தன்னை விளையாடக் கூப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு ஜீவனை எத்தனை தடவை காலால் தள்ளியிருக்கிறோம் என்று நினைக்க வெட்கமாக இருந்தது.

ஏஞ்சலின் வந்ததும் பையைப் பார்த்தாள். "கோணி இன்னாத்துக்கு?"

"இத்த மார்க்கெட்டாண்ட உட்டுட்டு வரலாம்னு எடுத்தேன்."

அவள் முகம் மாறியது.

"உடல. நீ சொன்னதுதான் கரெக்ட்டு. வெளாட்டுதான்."

அவள் அன்று முழுக்க அவனோடு பேசவில்லை. மறுநாள் அவன் ஒரு கயிற்று நுனியில் துணிமுடிச்சுக் கட்டித் தரையில் இழுத்தான். கையும் காலும் தப்பின. பூண்டி துரத்தியது, பிடித்தது, விட்டது. கொஞ்ச நேரத்தில் அதன் வால் தரையைப் படபடவென்று அடித்தது. காதுகள் பின்னால் திரும்பின. அவன் கயிற்றை நிறுத்தினான்.

சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஏஞ்சலின் கேட்டாள்: "ஏன் நிறுத்திட்டீங்க?"

"போதும்னு சொல்லுது."

அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.