பேட்டரி மெழுகுவர்த்தி

இறந்தவர்களைப் பார்க்கப் போவதற்கு எங்கள் ஊரில் ஹெல்மெட் போட வேண்டும். அமெரிக்காவில், லூசியானாவின் ஆற்றங்கரையில், கல்லறைத் தோட்டத்தையும் சேர்த்து வளைத்து எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை வேலி போட்டுவிட்டது. வருடத்தில் ஒரு நாள், கல்லறைகளைக் கழுவி மெழுகுவர்த்தி ஏற்றும் சகல புனிதர் திருநாளன்று, வேனில் ஏற்றி உள்ளே கொண்டுபோவார்கள். அதற்கு நாங்கள் நன்றி வேறு சொல்ல வேண்டும்.

நன்றியை வாங்கிக்கொள்ள வந்திருந்தவன் என் கூடப்பிறந்த தம்பி ஓவீட், ஊர் மன்ற உறுப்பினர். வேன் கிளம்பும்வரை ஆலை வாசலுக்கு வெளியே நின்று சிகரெட்டை ஊதித் தள்ளினான். ஆலைக்கு வரி தள்ளுபடி கொடுக்கக் கை தூக்கியவன் இவன். பதிலுக்கு ஆலை பள்ளி மைதானத்துக்கு ஸ்கோர் போர்டு வாங்கிக் கொடுத்தது. அதில் அணியின் பெயரைவிட ஆலையின் பெயர்தான் பெரிது. அன்று மாலை ஆலையை இன்னும் பெரிதாக்க அனுமதி கேட்டு மன்றத்தில் வாக்கெடுப்பு இருந்தது. "நம்ம ஊர்க் காத்து சுத்தம்" என்று காலையில் தேவாலய வாசலிலேயே நின்று பேசினான்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். என் மகள் ஸெலீயின் கல்லறையில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும். மூச்சிரைப்பு வந்து ஒன்பது வயதில் போய்விட்டாள். இருட்டென்றால் அவளுக்குப் பயம்.

"நெருப்பு கூடாதும்மா" என்றாள் பாதுகாப்பு அதிகாரி கார்லின். அவள் சட்டையில் வாயு காட்டும் கருவி ஒன்று தொங்கியது.

நான் அண்ணாந்து பார்த்தேன். ஆலையின் குழாய் உச்சியில் இரவும் பகலும் எரிகிற தீ அப்போதும் எரிந்துகொண்டிருந்தது.

"அப்ப அது என்னம்மா, நிலாவா?"

"அது அனுமதி வாங்கின நெருப்பு."

ஓவீட் அட்டைப்பெட்டியோடு வந்தான். உள்ளே பேட்டரி மெழுகுவர்த்திகள். அடியில் ஆலையின் முத்திரை.

"இந்தாக்கா. காத்தடிச்சாலும் அணையாது. ராத்திரி பூரா எரியும்."

"எரியாதுடா. மினுக்கும்."

"எதுக்கெடுத்தாலும் குத்தம். நல்ல மனசோட குடுத்திருக்காங்க."

"உன் மருமக மூச்சுக்குத் தவிச்சப்ப இந்த நல்ல மனசு எங்கடா போச்சு?"

"காத்தால வந்த நோயில்லன்னு அறிக்கையே சொல்லுதுக்கா."

மற்றவர்கள் வாங்கிக்கொண்டார்கள். அந்த ஆலையில் யாராவது வேலை பார்க்காத வீடு ஊரில் கிடையாது. நான் ஸெலீயின் கல்லறையைக் கழுவினேன். வாளித் தண்ணீர் கரியும் பிசுக்குமாக வந்தது. வெள்ளையடித்துச் சாமந்தி வைத்தேன். கார்லின் அந்தப் பக்கம் திரும்பியதும், ஹெல்மெட்டுக்குள் ஒளித்து வைத்திருந்த தீப்பெட்டியையும் மெழுகுவர்த்தியையும் எடுத்தேன். உரசுவதற்காகக் குச்சியைப் பெட்டியின் ஓரத்தில் வைத்தேன்.

கார்லினின் கருவி வீறிட்டது.

"உரசாதீங்க! கையை எடுங்க! எல்லாரும் வேனுக்கு ஓடுங்க!"

முதலில் ஓடியவன் ஓவீட். அவன் அட்டைப்பெட்டி கவிழ்ந்து, பொய் மெழுகுவர்த்திகள் புல்லில் கிடந்து மினுக்கின.

வாசலுக்கு வெளியே எங்களை இறக்கிவிட்டார்கள். கார்லினுக்கு உதடு வெளுத்திருந்தது. "காஸ் கசிஞ்சிருக்கும்மா. நீங்க மட்டும் உரசியிருந்தா..." என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டாள். ஊரை எச்சரிக்கிற சங்கை யாரும் ஊதவில்லை. சாலைக்கு அந்தப்புறம் பள்ளிப் பிள்ளைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு குச்சி உரசினால் பற்றிக்கொள்ளும் காற்று. அதைத்தான் என் பிள்ளை பிறந்த நாள் முதல் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தாள்.

"சின்னக் கசிவுதான்க்கா" என்றான் ஓவீட். "வேலிக்கு வெளிய ஒண்ணும் வராது. இங்க காத்து சுத்தம்." பழக்கதோஷத்தில் ஒரு சிகரெட் அவன் உதட்டுக்குப் போயிருந்தது.

நான் தீப்பெட்டியை நீட்டினேன்.

"பத்த வை."

அவன் வேலியைப் பார்த்தான். மைதானத்தைப் பார்த்தான்.

"சுத்தம்னு சொன்னியே. பத்த வைடா."

சிகரெட்டை உதட்டிலிருந்து எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

மாலையில் மன்றத்துக்குப் போய் முதல் வரிசையில் உட்கார்ந்தேன். காற்று சுத்தமாக இருப்பதாக அறிக்கையை வாசித்தார்கள். ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார்கள். ஓவீட் என்னைப் பார்க்காமல் தூக்கினான். சிகரெட்டைப் பைக்குள் போட்ட அதே கை.