பச்சைப் பை

மூன்று மணிக்கு நான் ஓர் எண் சொல்ல வேண்டும். தைச்சுங் நகரத்தில் சைக்கிள் உதிரிபாகம் செய்யும் கம்பெனிக்கு எத்தனை சர்வர் வேண்டும் என்பதுதான் அது. ஆர்டர், இருப்பு, லாரியில் ஏற்றுவது எல்லாவற்றையும் அறுநூறு பேர் ஒரே மென்பொருளில் பார்க்கப்போகிறார்கள். குறைத்துச் சொன்னால் முதல் நாளே திரைகள் உறைந்துவிடும். மூன்று வருடத்துக்கு முன் ஒரு நூடுல்ஸ் தொழிற்சாலைக்கு அப்படிக் குறைத்துச் சொன்னவள் நான். கீபோர்டில் கைவைத்தபடி என்னைத் திரும்பிப் பார்த்த பெண்களின் முகங்கள் இன்னும் என்னை விடவில்லை.

அதனால் இந்த முறை ஒரு சர்வரை எங்கள் மெஷின் ரூமில் வைத்து, என் மேசையிலிருந்தபடி ஒரு நிரல் மூலம் நானூறு பொய் ஆட்களை அதற்குள் அனுப்பினேன். முதல் இருபது நிமிடம் பறந்தது. பிறகு இருநூறு பேருக்கே திணறியது. நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் கழித்து ஓட்டினால் மறுபடி பறந்தது, மறுபடி தவழ்ந்தது. மூன்று நாளாக இப்படித்தான். மென்பொருளைப் பார்த்தேன், டேட்டாபேஸைப் பார்த்தேன். சந்தேகம் ஒவ்வொன்றாகச் சுற்றிவிட்டு என்மேல் வந்து உட்கார்ந்துகொண்டது. பறந்ததை நம்பினால் இரண்டு சர்வர் போதும். தவழ்ந்ததை நம்பினால் நான்கு.

“ரெண்டா, நாலா?” சாப்பாட்டு டப்பாவிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டார் மேனேஜர் குவோ.

“மூணுன்னு எழுதிடலாமா?”

“அது எந்தச் சோதனைல வந்துச்சு?”

“எதுலயும் வரல.”

“அப்ப லாட்டரிச் சீட்டு வாங்கு யிங். அதுலயாச்சும் நம்பருக்குக் கீழ உன் கையெழுத்து இருக்காது.”

சாப்பிடாமல் மெஷின் ரூமுக்குப் போனேன். இருபது வருடமாக அந்த அறையைப் பார்த்துக்கொள்ளும் ஆ-ஹுய் அண்ணன் கதவைத் திறந்தார்.

“இன்னும் அடம் பிடிக்குதா தங்கச்சி? நேத்துகூட நான் ஒண்ணு ஒட்டினேனே. தேதி முடியாததாப் பாத்துதான்.”

சர்வரின் முகத்தில் மூன்று பச்சைப் பைகள், தேங்காய் ருசி நொறுக்குத்தீனி. மெஷின் சொன்ன பேச்சைக் கேட்க எங்கள் ஊரில் எல்லோரும் வைப்பதுதான்; தேதி முடிந்தால் பலிக்காது என்பார்கள். நடுவில் இருந்தது என்னுடையது. ‘சமர்த்தாக இரு’ என்று கறுப்பு மையில் என் கையெழுத்து. மேலே இடமில்லையென்று முன்பக்கம் டேப் போட்டு ஒட்டியது நினைவுக்கு வந்தது. மற்றவர்கள் என் பைக்கு இருபுறமும் ஒட்டியிருக்கிறார்கள்.

பைகளின் பின்னால், காற்று உள்ளே போகும் துளைகள்.

சூடேறினால் மெஷின் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். பன்னிரண்டு வருடமாக எனக்குத் தெரிந்த விஷயம்.

டேப்பைப் பிரித்தேன். ஆ-ஹுய் அண்ணன் குரலைத் தாழ்த்தினார். “எடுக்காத. கோவிச்சுக்கும்.”

“ஊட்டி விடுறோம்னு நெனச்சு மூக்க அடைச்சிருக்கோம்ணே.”

ஒரு மணி நேரம் ஓட்டினேன். நானூறு பேரோடும் கடைசிவரை பறந்தது. நிம்மதி வந்திருக்க வேண்டும். ஆனால் தைச்சுங்கிலும் ஓர் ஆ-ஹுய் இருப்பார். என்னைப் போல ஒருத்தியும் இருப்பாள். பை இல்லாமல் வந்த எண் மெஷினுடையது. பையோடு வந்தது எங்களுடையது. இதில் எது உண்மை? விளையாட்டுக்குத்தான் ஒட்டினேன் என்று யாரிடமும் சொல்லிவிடலாம். கடையில் நின்று தேதி பார்த்து வாங்கிய என்னிடமே அதை எப்படிச் சொல்வது?

மூன்று மணிக்குக் குவோ தாளை நகர்த்தினார்.

“ரெண்டு,” என்றேன். “கூடவே, மெஷினுக்கு மேல தனியா ஒரு தட்டு வேணும். முன்பக்கம் எதுவும் ஒட்டக் கூடாதுன்னும் எழுதணும்.”

“தட்டு எதுக்கு?”

“அவங்க பை வைக்க.”

அவர் சிரிக்கவில்லை. “பெருசாவே கேளு. ஆளுக்கொண்ணு வைப்பாங்க.”

கையெழுத்துப் போட்டேன். பேனாவை மூடத் தோன்றவில்லை. என் பையைக் குப்பையில் போட மனம் வராமல் பக்கத்து அலமாரியின் மேல் வைத்துவிட்டு வந்திருந்தேன். அதன் தேதி எப்போது முடிகிறது என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை.