ஈயச் சிப்பாய் நிற்கும் களம்

கந்தப்பனுக்கு நாற்பத்திரண்டு வயதாகியும் கல்யாணம் ஆகாததற்கு ஜாதகத்தின்மேல் பழி போட முடியாது. பெண் பார்க்கப் போன மூன்று வீட்டிலும் அவர் வியாபாரிக்கு உண்டான முகத்தோடுதான் உட்கார்ந்திருந்தார். பிடித்திருக்கிறது என்று முகத்தில் காட்டிவிட்டால் எதிராளி விலையை ஏற்றிவிடுவான் என்பது அவர் பிழைப்பில் படித்த பாடம். அதனால் மூன்று வீட்டிலும் பஜ்ஜி தின்று, காப்பி குடித்து, "யோசிச்சுச் சொல்றனுங்க" என்று எழுந்து வந்தார். அவர் யோசித்து முடிப்பதற்குள் மூன்று பெண்களும் பிள்ளை பெற்றுவிட்டார்கள்.

ஊர் எலப்புள்ளி. கஞ்சிக்கோட்டு ரோட்டில் பெயின்டும் கண்ணாடியும் விற்கிற கடை. எழுபத்துநாலாம் வருஷம் ஐப்பசியில், உடும்பஞ்சோலைக்கு அப்பால் ஒரு வெள்ளைக்காரத் துரையின் எஸ்டேட் பங்களாவுக்கு ஜன்னல் கண்ணாடி மாற்றுகிற வேலை வந்தது. போடிக் கடைக்காரர்கள் சொன்ன விலையைவிடக் கொஞ்சம் குறைத்துச் சொல்லி, கண்ணாடியை வைக்கோலில் பொதிந்துகொண்டு மலையேறினார்.

கண்ணாடியைச் சட்டத்தில் நிறுத்துகிற மக்கை அவரே பிசைவார். சீமைச் சுண்ணாம்புப் பொடியும் ஆளிவிதை எண்ணெயும் சேர்த்துச் சப்பாத்தி மாவு பதத்துக்கு. இரண்டு நாள் விரலுக்கு இளகும். ஒரு வாரத்தில் தோல் கட்டும். மூன்று வாரத்தில் கல்லாகிவிடும். மூன்றாம் நாள் காலையில் சமையலறை ஜன்னலைப் பார்த்தவர் திகைத்து நின்றார். வழவழவென்று இழுத்துவிட்ட மக்கில் வரிசையாகக் குழி. அதற்குப் பக்கத்தில் கோணிச் சாக்கைப் பதித்த மாதிரி குறுக்கும் நெடுக்குமாகக் கோடு.

"ஏனுங்க, இந்த ஜன்னல்ல ஆரு கைவரிசையக் காட்டுனது?"

அடுப்படியிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். பங்களாவில் சமைப்பதும் துடைப்பதும் அவள்தான். பெயர் அழகுத்தாய். ஆலையில் வேலை பார்த்த புருஷன் காய்ச்சலில் போய் ஏழு வருஷம்.

"நாந்தான். ஒட்டுதான்னு பாத்தேன்."

"ஒட்டறதுக்குத்தானுங்க அம்மணி அதை வெக்கறதே."

"கண்ணாடில ஒட்டுறத யாரு கேட்டா? பலாத்தோல்ல ஒட்டுதான்னு பாத்தேன். தண்ணில நனைச்சு அமுக்குனா ஒட்டல."

கையைத் துடைத்துக்கொண்டு அவரைக் கூடத்துக்குக் கூட்டிப்போனாள். பத்துப் பேர் சாப்பிடுகிற மேசை முழுக்க ஈயச் சிப்பாய்கள். ஒவ்வொன்றும் இரண்டு அங்குலம், சிவப்புச் சட்டையும் நீலச் சட்டையுமாக. ஞாயிறு தோறும் பக்கத்து எஸ்டேட் துரை வருவாராம். இரண்டு பேரும் பகடை உருட்டி, இந்தப் பொம்மைகளை நகர்த்திச் சாயங்காலம்வரை சண்டை விளையாடுவார்களாம். ஒருநாள் தூசு தட்டும்போது ஒரு சிப்பாயின் கால் முறிந்துபோனது. பயந்துபோய்த் தேயிலைப் பெட்டிப் பலகையில் ஒரு துண்டு வெட்டி, அதன்மேல் களிமண் அப்பி, சிப்பாயை ஊன்றி நிறுத்தினாள். மண் மொட்டையாகத் தெரிந்ததால் பலாத்தோலை ஒரு அமுக்கு அமுக்கினாள். பாறைமேல் நிற்பதுபோல் ஆகிவிட்டது. திட்டுவார் என்று பார்த்தால், துரை அதைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, நானூறு சிப்பாய்க்கும் இதுபோல் தரை வேண்டும் என்று சொல்லிவிட்டார். களிமண்ணோ காய்ந்தால் வெடித்தது.

"பொம்மைக்குத் தரை எதுக்குங்க?"

"நிக்கதுக்கு. நீங்க எங்க நிக்கீகன்னு உங்களுக்குத் தெரியுதுல்ல. அதுகளுக்குத் தெரிய வேணாமா?"

கந்தப்பன் குனிந்து, பலாத்தோல் பதிந்த அந்தத் தரையை ஒரு விரலால் தடவிப் பார்த்தார்.

மீந்த மக்குக்கு அவர் ஒரு விலை சொன்னார். அவள் பாதி கேட்டாள். அவர் தலையில் கை வைத்தார், அவள் திரும்பி நடந்தாள், அவர் கூப்பிட்டார். அன்றிலிருந்து தினமும் அந்தக் கூத்து. பதினோரு நாள் வேலை பதினாறு நாளாக நீண்டது. பகலில் ஜன்னல் சட்டத்தில் அவர் மக்கு இழுப்பார். உள்பக்கத்தில் அவள் பலகைத் துண்டுகளை அடுக்கி வைத்து, ஏலக்காயை உருட்டி ஒரு தரை, சாக்கைப் பதித்து ஒரு தரை, மரப்பட்டையை அழுத்தி ஒரு தரை என்று செய்துகொண்டிருப்பாள். நடுவில் கண்ணாடி. அதன் வழியே பேச்சு.

அப்படிப் பேசியதில்தான் களத்து முத்திரையைப் பற்றிச் சொன்னார். அவர் அப்பா நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருந்த காலத்தில், அறுவடை முடிந்து நெல்லைக் குவித்ததும் குவியலைச் சுற்றி ஈரமண் அப்பி, பலாமரக் கட்டையில் செதுக்கிய முத்திரையை அதில் பதித்துவிடுவார்கள். அளக்கிற அன்று நிலத்துக்காரர் வந்து பார்க்கிறவரை ஒருவரும் கை வைக்கக் கூடாது.

"வச்சா?"

"முத்திரை ஒடைஞ்சிருமுங்க. ஒடையாம இருந்தா, சொந்தக்காரன் வருவான்னு நெல்லு காத்துட்டிருக்குதுன்னு அர்த்தம்."

"வரலைன்னா?"

"வராம எங்கீங்க போவான்?" என்று சிரித்தார். பிறகு, உழுகிறவனுக்கே நிலம் என்று சட்டம் வந்து குத்தகை போனதும் முத்திரைக்கு வேலையும் போய்விட்டது, இப்போது கட்டை கடையில் கதவுக்கு முட்டுக் கொடுக்கிறது என்று சொன்னார்.

ஊர் திரும்பியபின் மாதம் ஒரு டின் மக்கு தேனி லாரியில் மேலே போயிற்று. தபால் கார்டு மேலிருந்து கீழே வந்தது. ஒரு கார்டில், துரைக்குக் கல் பாவிய கோட்டை முற்றம் வேண்டுமாம், எதைப் பதித்தாலும் கட்டம் நேராக வரவில்லை என்று எழுதியிருந்தாள். களத்து முத்திரையில் நடுவே ஒரு மயில், சுற்றிலும் நாலு வரிசை சின்னச் சின்னச் சதுரம். கந்தப்பன் அன்றைக்கே கதவுக்கு முட்டாக இருந்த கட்டையை உருவினார். சும்மா கொடுத்தால் என்ன நினைத்துக்கொள்வாளோ என்று, மாதம் இரண்டு ரூபாய் வாடகை என எழுதிக் கட்டையோடு அனுப்பினார்.

கடையில் முப்பது வருஷமாக இருக்கிற சின்னையன் தலையைச் சொறிந்தார். "கதவுக்கு முட்டுக் குடுத்த கட்டைக்கு வாடகைங்களா?"

"யாவாரம்னா யாவாரந்தானுங்க சின்னையண்ணா."

சின்னையனுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. வாடகை மணியார்டரில் வரும். மணியார்டரோடு வருகிற கூப்பனில் நாலு வரி எழுத இடம் இருக்கும். 'குதிரைக்காரர்களுக்குச் சேறு வைத்தேன். உங்கள் கட்டை தொரைக்குப் பிடித்துவிட்டது. மழை விடவில்லை. சமையல்கட்டு ஜன்னல் ஒழுகவில்லை.' பதினான்கு மாதத்தில் பதினான்கு கூப்பன். கந்தப்பன் அவற்றை ரசீதுக் கம்பியில் குத்தவில்லை. ஓட்டை விழுந்தால் எழுத்துப் போய்விடும் என்று சட்டைப் பையிலேயே வைத்திருந்தார்.

எழுபத்தாறு சித்திரையில் வந்த கூப்பனில் வேறு சேதி இருந்தது. 'தொரை சீமைக்கே போகிறார். வைகாசியில் பங்களா கைமாறுது. உங்கள் கட்டையை நான் என்ன செய்யட்டும்? சொல்லவும்.'

கந்தப்பன் நாலு கார்டு வாங்கினார். முதல் கார்டில் 'கட்டை உங்களிடமே இருக்கட்டும்' என்று எழுதிக் கிழித்தார். இரண்டாவதில் 'நான் வந்து' என்பதோடு நிறுத்திக் கிழித்தார். மூன்றாவதில் என்ன எழுதினார் என்பது அவருக்கும் அடுப்புக்கும்தான் தெரியும். தன் விலையை முதலில் சொல்லிப் பழக்கமில்லாத கை அது. நாலாவது கார்டில் 'தங்கள் சௌகரியப்படி' என்று எழுதித் தபாலில் போட்டார். போட்ட கையோடு, திரும்ப எடுக்க முடியுமா என்று பெட்டியின் வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

பன்னிரண்டாம் நாள் தேனி லாரியில் ஒரு பெட்டி வந்தது. தேயிலைப் பெட்டிப் பலகையில் அடித்த சின்னப் பெட்டி. கந்தப்பன் கையில் தூக்கினாலே எடை சொல்கிறவர். தூக்கிப் பார்த்தார். ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். கட்டையேதான்.

"பிரிக்கலீங்களா?" என்றார் சின்னையன்.

"உள்ளார என்னன்னு தெரியுமுங்க."

பெட்டி மேல் பலகையில், டர்பன்டைன் டின்களுக்குப் பின்னால் போயிற்று. கந்தப்பன் அதன்பின் அந்தப் பக்கம் தலை தூக்கவில்லை. அந்த மாதம் வாடிக்கைக்காரர்களுக்கு நல்ல காலம். கேட்ட விலைக்குக் கொடுத்தார். ஒருவர் பேரம் பேச மறந்துபோய், வீடுவரை போனபின் திரும்பி வந்து, சரக்கு பழசா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

பத்தொன்பதாம் நாள் சின்னையன் டர்பன்டைன் எடுக்க ஏணியில் ஏறினார். பெட்டி சரிந்தது. பிடித்துவிட்டார், மூடி மட்டும் கையோடு வந்துவிட்டது.

"முதலாளி, இங்க வந்து பாருங்க. இது கட்டையில்லீங்க."

வைக்கோலுக்குள் ஒரு சாண் பலகை. அதன்மேல் இரண்டு விரல் கனத்துக்கு மக்கு. மக்கின் நடுவே தோகை மடக்கிய மயில், சுற்றிலும் நாலு வரிசைச் சதுரம். ஒரு சதுரம்கூட உடையவில்லை. ஓரத்தில் ஒற்றை ஈயச் சிப்பாய், துப்பாக்கி முறிந்தவன், வழியைப் பார்த்து நின்றுகொண்டிருந்தான்.

கந்தப்பன் விளிம்பில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். நகத்தால் கீறிப் பார்த்தார். மக்கு விற்கிறவனுக்கு மக்கின் வயதை யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவள் பதித்தபோது இது விரலுக்கு இளகியிருக்கும். வந்த அன்றே பிரித்திருந்தால் தோல்கூடச் சரியாகக் கட்டியிருக்காது. இப்போது கல்.

சின்னையன் வைக்கோலைக் கிளறினார். "முத்திரைக் கட்டையக் காணமுங்களே. அந்தம்மாவே வெச்சுகிட்டாங்களாட்ட இருக்குது. கடுதாசி போட்டுக் கேக்கட்டுங்களா?"

"வேண்டாமுங்க. நானே போய்க் கேட்டுக்கறேன்."

பொள்ளாச்சி, பழனி, தேனி, போடி. அங்கிருந்து மலை பஸ். ஐந்திலும் பலகையை மடியில் வைத்துக்கொண்டு போனார். தெய்வத்தின் படமோ என்று ஒரு கிழவி தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவர் தடுக்கவில்லை.

பங்களா பூட்டிக் கிடந்தது. காவல்காரர் வீரபாண்டி பீடியை அணைத்துவிட்டு எழுந்தார்.

"கண்ணாடிக்காரர்தான? இப்பத்தான் வர்றீகளாக்கும்."

"அவங்க இல்லீங்களா?"

"பத்து நாளாச்சு போயி. தொரை கெளம்புன பெறகும் நாலு நா இந்தப் படியிலயே உக்காந்துருந்துச்சு. பஸ்ஸு சத்தம் கேட்டா எந்திரிக்கும். போனதும் உக்காரும். புது மொதலாளி ஆளுக வந்து சாவியக் கேட்டாக. பெறகு என்ன செய்ய?"

"எங்கீங்க போனாங்க?"

"பூப்பாறைக்கு மேல ஒரு எஸ்டேட்டு. கொழுந்து பறிக்கப் போறவுக பிள்ளைகளப் பாத்துக்கிற வேலை. சாமான லாரியில போட்டுட்டு ஒரு கட்டைய மட்டும் மடியில வச்சுக்கிட்டுப் போச்சு. அதையும் உள்ள போடு தாயின்னேன். இது என்னுது இல்லண்ணே, ஆள் வந்து வாங்கிக்கிருவாகன்னுச்சு."

கந்தப்பன் சமையலறை ஜன்னல் பக்கம் போனார். பலாத்தோலின் குழிகள் அப்படியே இருந்தன. அன்றைக்குத் திட்டிக்கொண்டே அதன்மேல் புது மக்கு இழுக்கப் போனவர், ஏனோ இழுக்காமல் விட்டிருந்தார்.

பூப்பாறைக்கு அடுத்த பஸ் மறுநாள் காலைதான். ரோடு திரும்புகிற முக்கில் ஏலக்காய் மூட்டை இறக்கிவிட்டு ஒரு ஜீப் நின்றது. டிரைவர் இவருடைய வேட்டியையும் மடியிலிருந்த பலகையையும் பார்த்துவிட்டு, துணிந்து, "முப்பது ரூவா" என்றார்.

கந்தப்பன் ஏறி உட்கார்ந்தார்.

டிரைவர் வண்டியை எடுக்கவில்லை. பேரத்துக்குக் காத்திருந்தார். பேரம் வரவில்லை. சந்தேகம் வந்துவிட்டது. "சரி, இருபது குடுங்க."

"முப்பதே தர்றனுங்க. வண்டிய எடுங்க."

ஜீப் வளைவுகளில் ஏறியது. குழியில் குலுங்கும்போதெல்லாம், சதுரம் ஒன்றும் உடைந்துவிடக் கூடாதென்று கந்தப்பன் மயிலின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்தார். ஆறு வார்த்தை வந்தது. யோசிச்சு என்ற வார்த்தை அதில் இல்லை என்பதை ஒருமுறை சரிபார்த்துக்கொண்டார். துப்பாக்கி இல்லாத சிப்பாய் அவர் விரல்களுக்கு நடுவில் நின்று ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தான்.